புயல் எச்சரிக்கையும் நம் பொறுப்பும்

வங்கக் கடலில் நாம் புயல் என வழங்குவதனையே அட்லாண்டிக் கடலிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் ஹரிக்கேன் என்பர். செயற்கைக்கோள்களும் ஆய்வு விமானங்களும் அதன் வருகையை இன்று பல நாள்களுக்கு முன்னரே காட்டிவிடுகின்றன. எனினும் உயிரிழப்பு ஓய்ந்தபாடில்லை. அறிவிப்பு வந்தும் மக்கள் வெளியேறாமைக்குக் காரணம் யாது? அமெரிக்கக் கடற்கரையில் நிகழ்ந்த பேரிடர்கள் சில இதற்கு விடை பகர்கின்றன.

முதலாவதாக, மக்கள் காற்றுக்கு அஞ்சுகின்றனர், நீரை மறந்துவிடுகின்றனர். ஹரிக்கேன்களை ஒன்று முதல் ஐந்து வகைகளாகப் பகுக்கும் சஃபிர்-சிம்ப்சன் அளவீடு காற்றின் வேகத்தை மட்டுமே கணக்கிற் கொள்வது. ஆனால் 1963 முதல் 2012 வரை அந்நாட்டில் இத்தகைய புயல்களால் நேரடியாக மாண்டோருள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கினர் நீரால் மாண்டவரே. புயற்காற்று கடல்நீரைத் திரட்டிக் கரைமேல் ஏற்றும் அலையேற்றமே இதில் முதன்மையானது. புயலின் பரப்பு பெரிதாயினும் கரையோரக் கடல் ஆழமற்றதாயினும் நீர் மேலும் உயரும்.

இரண்டாவதாக, பழைய அனுபவம் கண்ணை மறைக்கின்றது. 1969இல் மிசிசிப்பிக் கரையைத் தாக்கிய கமில் ஐந்தாம் வகையைச் சார்ந்தது. அதன் அலையேற்றம் ஏறத்தாழ 24 அடி. 2005 ஆகஸ்டு 29 அன்று கத்ரீனா கரை கடந்தபோது அது மூன்றாம் வகையாகவே இருந்தது. கமிலைத் தாங்கிய வீடு இதனையும் தாங்கும் என நம்பிப் பலர் தங்கிவிட்டனர். ஆனால் கத்ரீனா மிக அகன்ற புயல். அது கொணர்ந்த நீரோ ஏறத்தாழ 28 அடி உயர்ந்தது!

மூன்றாவதாக, வரைபடத்தைப் பிழைபட உணர்தல். தேசிய ஹரிக்கேன் மையம் வெளியிடும் கூம்புப்படம் புயலின் மையம் செல்லக்கூடிய பாதையையே குறிக்கும். தீங்கின் எல்லையை அன்று. 2022இல் இயன் புயலின்போது பலருடைய கவனமும் டாம்பா நகரின்மீதே இருந்தது. புயலோ அதற்குத் தெற்கே, லீ கவுண்டிப் பகுதியில் செப்டம்பர் 28 அன்று கரை கடந்தது. ஆங்கு வெளியேற்ற ஆணை பிறந்தது முந்தைய நாள் காலையில்தான். காற்று வலுத்தபின் பாதைகள் அடைபடும், பயணம் இயலாது. ஆதலின் புறப்படும் வேளையை வானம் இருள்வதைக் கண்டு முடிவு செய்தல் கூடாது.

எனினும் தங்கிவிட்டோர் மீதே பழி முழுவதையும் சுமத்துதல் முறையன்று. கத்ரீனாவின்போது நியூ ஆர்லியன்சில் வாகனமற்ற ஏழைகள் பலர் வெளியேற வழியின்றித் தவித்தனர். லூசியானாவில் மாண்டோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் 75 வயதை எட்டியோர் அல்லது கடந்தோர். வெளியேறுக என ஆணையிடுவோர் வண்டியும் தங்குமிடமும் தருதல் வேண்டும். அண்டை வீட்டு முதியவரை உடன் அழைத்துச் செல்லுதல் ஒவ்வொருவர் கடன்.

விதிப்படி நடக்கட்டும் எனக் கூறி வீட்டில் இருந்துவிடுதல் தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைப் பற்றி வினவியவருக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழியை நாம் அறிவோம். செய்யத்தக்க முயற்சியைச் செய்துவிட்டு இறைவனைச் சார்ந்திருப்பதே மெய்யான நம்பிக்கை. எச்சரிக்கை பொய்த்தால் இழப்பது இரண்டொரு நாள். மெய்த்தால் காக்கப்படுவது ஒரு குடும்பம்.