வில்லன் வளர்ப்பு – 7: மேடைக்கே வராத வில்லன்

மாயக்கதை வில்லனுக்குச் சக்தி கூடக் கூட நம்பகம் குறையும் என்று போன வாரம் பார்த்தோம். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். இந்த வாரம் ‘பொன்னியின் செல்வன்’ நந்தினியின் பூர்வகதை என்று சொல்லியிருந்தேன். அதற்குள் மொன்றியல் மேயர் ஒருவர் குறுக்கே வந்துவிட்டார்.

மொன்றியலில் பச்சை மெட்ரோ கிழக்கே போய் முடியும் ஸ்டேஷனுக்கு ஒனோரே போக்ரான் என்று பெயர். தினமும் அங்கே இறங்கும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு அந்த மனிதரைத் தெரியுமோ! 1885 முதல் 1887 வரை மேயராக இருந்தவர். பதவியேற்ற ஆண்டிலேயே பெரியம்மை நகரத்தைப் பிடித்து 3,000 பேருக்கு மேல் கொண்டுபோனது. அம்மை குத்துவதைக் கட்டாயமாக்கியதும் கூட்டம் கல்லெடுத்தது. படையைக் கூப்பிட வேண்டியதாயிற்று. ஊரில் பாதிக்கு அன்று அவரே வில்லன். அந்த ஆள்தான், தான் தொடங்கிய ‘லா பத்ரி’ பத்திரிகையில் 1891 டிசம்பர் 31 அன்று ‘லா ஷாஸ் கலேரி’ என்ற கதையை வெளியிட்டார்.

கத்தினோ காட்டில் மரம் வெட்டும் முகாம். புத்தாண்டுக்கு முந்தின இரவு. பனி உருகும்வரை யாரும் ஊர் திரும்ப முடியாது. காதலிகளோ நூறு காத தூரத்தில், லவால்ட்ரியில். பத்தீஸ்து என்பவன் வந்து ஆசை காட்டுகிறான்: சாத்தானோடு ஒப்பந்தம் போட்டால் ஓடம் பறக்கும், இன்றிரவே ஊரில் ஆடிவிட்டு வரலாம். நிபந்தனை மூன்று. வழியில் கடவுள் பெயரைச் சொல்லக்கூடாது. கோயில் கோபுரத்துச் சிலுவையில் ஓடம் படக்கூடாது. காலை ஆறு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். தவறினால் ஓடத்தில் ஏறும் எட்டுப் பேரின் ஆன்மாவும் சாத்தானுக்கு.

இதில் என்னை அசத்தியது இதுதான்: சாத்தான் கதையில் தலைகாட்டவே இல்லை. கொம்பில்லை, வசனமில்லை, நம் சினிமாச் சிரிப்பும் இல்லை. சொன்ன சொல் மட்டும் தவறவில்லை, ஓடம் பறக்கிறது. ஆபத்து முழுக்க பத்தீஸ்துவின் குடியில்தான். திரும்பும் வழியில் அவன் துடுப்புப் போட்ட லட்சணத்தில் ஓடம் மொன்றியல் மலைப் பனியில் போய்க் குத்துகிறது. கட்டிப் போட்டு, வாயையும் அடைத்து ஏற்றுகிறார்கள். கட்டை அவிழ்த்துக்கொண்டு எழுந்து நின்று திட்டுகிறான். ஓடம் ஒரு பைன் மரத்தில் மோதிக் கவிழ்கிறது. ஆனாலும் சாத்தானுக்கு ஒரு ஆன்மாகூடக் கிடைக்கவில்லை. எனக்கு அது ஆசிரியர் காட்டிய அநாவசியத் தாராளம்.

வில்லனை நம்ப வைப்பது அவன் கெட்டதனமல்ல. ஊருக்குப் போக வேண்டும் என்ற அந்த எட்டுப் பேரின் ஏக்கத்தை அவன் சரியாக எடைபோட்டிருக்கிறான். பனிக்காலத்தில் விமான டிக்கெட் விலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள் அந்த ஓடத்தில் ஏறமாட்டோம் என்று சத்தியம் செய்வார்களா?

மகாபலியிடம் மூன்றடி கேட்டதும் ஒப்பந்தம்தானே? அதில் வில்லன் யார் என்று கேரளத்தில் கேட்டுப் பாருங்கள். சரி, அந்தப் பக்கம் போனால் பக்கம் போதாது.

நந்தினி அடுத்த வாரம், நிச்சயம். அதற்குள் உங்கள் வில்லன் என்ன தருவான், பதிலுக்கு என்ன கேட்பான், எந்த விதியை அவனாலும் மீற முடியாது என்று மூன்றே வரியில் எழுதி அனுப்புங்கள். சிவந்த கண்ணோடு வருகிறவர்களை நான் படிக்கப்போவதில்லை.