நோய் எது, நான் எது?

'இருதுருவ மனநிலைக் கோளாறு' என்று மருத்துவர் சொன்ன பிறகு, நோயாளி தேடுவது மருந்தை மட்டுமல்ல, தன்னையும்தான்.

பொன்முடிக்கு ஏறும் 22 கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே இருக்கிறது கல்லாறு. உருண்டைக் கற்களுக்கு நடுவே தெளிந்த தண்ணீர். இறங்கிக் குளிக்க ஆசைப்படும் வெளியூர்க்காரர்களை உள்ளூர்க்காரர்கள் எச்சரிக்கிறார்கள். மலைமேல் மழை பெய்தால் சில நிமிடங்களில் இது வேறு ஆறாகிவிடும்.

மூலிகை வைத்தியத்துக்காக 2018-ல் பத்மஸ்ரீ பெற்ற காணிப் பழங்குடிப் பெண் லட்சுமிக்குட்டியால் பெயர் பெற்ற ஊர் இது. விஷக்கடிக்கு வைத்தியம் தேடி இங்கே வருகிறவர் யாருக்கும் கூச்சமில்லை. ஆனால் இங்கிருந்து விதுரா, நெடுமங்காடு வழியாகத் திருவனந்தபுரத்துக்குப் பேருந்து ஏறி, பேரூர்க்கடை அருகே ஊளம்பாறையில் இறங்குவது வேறு விஷயம். அங்கே இருப்பது 1870-ல் தொடங்கிய மனநல மருத்துவமனை. சென்னைக்காரர்களுக்குக் 'கீழ்ப்பாக்கம்' எப்படியோ, தெற்குக் கேரளத்துக்கு 'ஊளம்பாறை' அப்படி. ஊர்ப்பெயரே வசவாகிவிட்டது.

இந்த வசவுக்குப் பயந்து மறைக்கப்படும் நோய்களில் ஒன்று இருதுருவக் கோளாறு. சில காலம் எழுச்சி: தூக்கம் தேவைப்படாது, பேச்சு ஓயாது, கையில் இருக்கும் பணம் கரையும், உலகத்தையே வாங்கிவிடலாம் என்று தோன்றும். பிறகு சோர்வு: படுக்கையிலிருந்து எழுவதே பெரும்பாடு. இரண்டுக்கும் நடுவே மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், எல்லோரையும் போன்ற வாழ்க்கை. 2015-16ல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தவர்களில் 0.5 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வருவதாகக் கணித்தது. இந்த நோய் உள்ளவர்களில் சுமார் 70 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்றும் அது சொன்னது.

பெரும்பாலும் பதின்வயதின் முடிவிலோ இருபதுகளிலோ நோய் தலைகாட்டுகிறது. 'நான் யார்?' என்ற கேள்விக்கு ஒருவன் விடை தேடும் வயது அது. அந்த நேரத்தில் மருத்துவச் சீட்டு ஒரு விடையை எழுதிக் கொடுத்துவிடுகிறது. பலருக்கு முதலில் நிம்மதி. இத்தனை நாள் பட்டது சோம்பலோ திமிரோ அல்ல, அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. அடுத்து வருவது சந்தேகம். விடிய விடியப் படம் வரைந்தது நானா, நோயா? கடன் வாங்கிக் கடை திறந்த துணிச்சல் யாருடையது? வீட்டாரும் விடுவதில்லை. நியாயமாகக் கோபப்பட்டாலும், "மாத்திரை சாப்பிட்டாயா?" என்ற கேள்வி வருகிறது. கொஞ்சம் அதிகம் சிரித்தாலும் அதே கேள்விதான்.

மாத்திரையை நிறுத்த நினைப்பதன் காரணமும் பல நேரம் இதுதான். 1949-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் வெளியிட்ட கட்டுரையால் வெளிச்சத்துக்கு வந்த லித்தியம் இன்றும் முக்கிய மருந்து. ரத்தத்தில் அதன் அளவு, சிறுநீரகம், தைராய்டு எல்லாவற்றையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். அமெரிக்க உளவியலாளர் கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன் இந்த நோயை ஆராய்ந்தவர். அவருக்கே இந்த நோய் இருந்தது. எழுச்சியின் மயக்கத்தை இழக்க மனமில்லாமல் லித்தியத்தோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியதை 1995-ல் வெளியான தன் நூலில் ஒளிக்காமல் சொன்னார். லித்தியம் இல்லாவிட்டால் உயிரோடு இருந்திருக்க மாட்டேன் என்பதையும் சொன்னார்.

தமிழில் நமக்கு ஆத்மாநாம் இருக்கிறார். இயற்பெயர் மதுசூதன். 'ழ' சிற்றிதழை நடத்திய கவிஞர். மனநிலைப் பாதிப்புக்குச் சிகிச்சை பெற்றுவந்த அவர் 1984-ல், 33 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் கவிதைகளை நோயின் அறிகுறிப் பட்டியலாகப் படிக்கும் ஆசை சிலருக்கு உண்டு. ஆனால் நோய் பலருக்கு வருகிறது; அந்தக் கவிதைகளை எழுதியது ஒருவர்தான்.

சினிமா இவ்வளவு நுணுக்கம் பார்ப்பதில்லை. 2012-ல் தனுஷ் நடித்த '3' படம்தான் 'பைபோலார்' என்ற சொல்லைப் பல தமிழ் வீடுகளுக்குக் கொண்டுபோனது. நாயகன் வன்முறையில் இறங்கி, கடைசியில் உயிரை விடுகிறான். மருந்தோடு வேலைக்குப் போய், பிள்ளை வளர்த்து, வாழ்ந்துகொண்டிருப்பவர்களின் கதையில் திருப்பம் இல்லை. அதனால் திரையில் இடமும் இல்லை.

மொழியிலும் சிக்கல் உண்டு. காய்ச்சல் கண்டவரை யாரும் 'காய்ச்சல்' என்று கூப்பிடுவதில்லை. 'பைத்தியம்' மட்டும் நோய்க்கும் பெயர், நோயாளிக்கும் பெயர். பள்ளியில் ஆகுபெயர் என்று படித்தோமே, அதுதான். படித்தவர்களும் இன்று "அவர் பைபோலார்" என்கிறார்கள். சொல் புதிது, பழக்கம் பழையது.

சட்டம் இதில் மொழியை முந்திவிட்டது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், ஒருவர் முன்பு மனநலச் சிகிச்சை பெற்றார் என்பதை மட்டுமே வைத்து அவரை இன்றும் மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது. எனக்கு எப்படிச் சிகிச்சை தர வேண்டும், எப்படித் தரக் கூடாது என்று தெளிவாக இருக்கும் நாளிலேயே எழுதிவைக்கவும் உரிமை தருகிறது. உதவி தேவைப்படுவோருக்காக 2022 முதல் மத்திய அரசின் 'டெலி மானஸ்' 14416 என்ற இலவச எண்ணில் இயங்குகிறது.

கல்லாற்றில் வெள்ளம் வரும், வடியும். வெள்ளம் வந்தது என்பதற்காக அந்த ஆற்றுக்கு யாரும் 'வெள்ளம்' என்று பெயர் வைக்கவில்லை. "அவருக்கு அந்த நோய் இருக்கிறது" என்று சொல்லப் பழகினால் போதும். சர்க்கரை நோயாளிக்கு நாம் அப்படித்தானே சொல்கிறோம்?