தூர் இருந்தால் துளிர்க்கும்

காங்கேயம் பக்கம் எங்களுக்கு இரண்டு கொறங்காடு, மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று. பயிர் செய்யாமல் மாட்டுக்கென்று விட்ட மேய்ச்சல் நிலத்தைத்தான் கொறங்காடு என்போம். சுற்றிலும் கிளுவை வேலி, அதில் கடவு என்னும் வாசல், நடுவில் வெள்வேல மரங்கள், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். காங்கேயம் மாடு இந்தப் புல்லைத் தின்று வளர்ந்த இனம்.

2016-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. அடைமழை பெய்ய வேண்டிய ஐப்பசி வெயிலாகவே போயிற்று. தை மாதம் மேற்குக் காட்டைப் பார்த்து, தாத்தாவிடம், "எல்லாம் செத்துருச்சுங்க அப்பாரு" என்றேன். அவர் குனிந்து ஒரு புல்லின் அடித்தூரைக் கிள்ளிக் காட்டினார். உள்ளே வெளிர்பச்சை. "சாகுல கண்ணு, தூங்குது. கடவைச் சாத்து" என்றார்.

அந்தத் தூக்கத்தின் கணக்கைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். இலையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. செடி உணவு செய்யத் தேவையான கரியமில வாயு அவற்றின் வழியே உள்ளே வரும். நீர் ஆவியாகி வெளியே போகும். வெயில் கொளுத்தும்போது துளையை மூடினால் நீர் மிஞ்சும், உணவு குறையும். சோளம், கம்பு போலக் கொழுக்கட்டைப் புல்லும் துளையைக் கொஞ்சமே திறந்து வேண்டிய வாயுவைப் பிடித்துக்கொள்ளும் வகை. அதுவும் முடியாத வறட்சியில் இலையைக் காயவிட்டு, தூரிலும் வேரிலும் சேர்த்த சத்தை வைத்துக் காத்திருக்கும்.

அந்தச் சேமிப்பில்தான் நாங்கள் கை வைத்தோம். சோளத்தட்டு வாங்கக் கட்டுப்படியாகாமல் கிழக்குக் காட்டைத் திறந்துவிட்டோம். பசித்த மாடுகள் தூர்வரை கரண்டின. துளிர்க்கும் மொட்டுகள் இருப்பது அங்கேதான்.

அடுத்த ஆவணியில் ஒரே இரவில் பெருமழை. காய்ந்து இறுகிய வெற்றுத் தரையில் நீர் நிற்கவில்லை. கிழக்குக் காட்டின் மேல்மண்ணையும் வழித்துக்கொண்டு பள்ளத்துக்கு ஓடியது. மேற்கில் காய்ந்த தூர்களே அந்த ஓட்டத்தைத் தடுத்தன; நீர் மண்ணுக்குள் இறங்கியது. பத்து நாளில் பச்சை. கிழக்கில் முளைத்தது நெருஞ்சி. விதை விழுந்திருந்தால் முளைக்காதா என்று கேட்கலாம். முளைத்தது. அடுத்த மழை வரத் தாமதமானதால், வேர் ஆழம் போகாத நாற்றுகள் கருகின. பழைய தூருக்கு இருக்கும் தாக்குப்பிடிப்பு புது நாற்றுக்கு இல்லை.

கொறங்காடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மழை பொய்க்கும் வருடத்தில் இரண்டு மாட்டை விற்க நேர்ந்தாலும் சரி, ஒரு காட்டையாவது கடவு சாத்தி வையுங்கள்.