கமக்காரர் பிள்ளைகளும் பல்கலைக்கழக விவசாயக் கல்வியும்

மண்வெட்டி பிடிக்கத் தெரிந்தவனுக்குப் பல்கலைக்கழகம் எதற்கு என்னும் கேள்வியைக் கமக்காரரிடம் அடிக்கடி கேட்கின்றோம். தந்தை நீர் இறைக்க, பிள்ளை பாத்திக்குப் பாத்தி நீர் மாறிக் கற்ற காலத்தில் அக்கேள்வி நியாயமானதே. வெங்காயத்துக்குப் பாத்தி கட்டுவதையும், மாரிக்கு முன் புழுதியில் நெல் விதைக்க ஏற்ற நாளைத் தெரிவதையும் எந்தப் புத்தகமும் தந்தையைப்போற் செம்மையாகக் கற்பிக்கமாட்டாது.

ஆயினும் கீரிமலைப் பகுதியில் இக்கேள்விக்கு வேறொரு விடை சொல்லவேண்டியுள்ளது. 1990 ஆம் ஆண்டில் இவ்வூரவர்கள் இடம்பெயர்ந்தனர். 2009 இல் போர் முடிந்தபின் காணிகள் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் செம்மண் தோட்டங்கள் பற்றைக்காடாயின, கிணறுகள் தூர்ந்தன. வேற்றூரில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தம் காணியில் நின்று தந்தையிடம் கற்கும் வாய்ப்பு இல்லாமற் போயிற்று. கைமாறி வந்த அறிவு ஒரு தலைமுறை அறுந்துவிட்ட இடத்தில், அதனைப் பாடசாலைவழியாகவேனும் மீட்டுக்கொள்வது அவசியம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் நிறுவப்பெற்றதும் அதே 1990 ஆம் ஆண்டிலேதான். நம்மைப்போலவே அப்பீடமும் போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து, போரின் பின்னர் கிளிநொச்சி அறிவியல் நகரில் நிலைகொண்டது. அதற்கு முன்னர் நம் பிள்ளைகள் விவசாயப் பட்டம் பெறவேண்டுமாயின் பேராதனைக்கே செல்லவேண்டியிருந்தது. 1981 இல் மட்டக்களப்பு வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோது அங்கும் விவசாயம் கற்பிக்கப்பட்டது. அதுவே பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. தமிழ்நாட்டில் 1868 இல் சென்னைச் சைதாப்பேட்டையில் ஏற்பட்ட விவசாயப் பாடசாலை, பின்னர் கோயம்புத்தூருக்கு மாறி, 1971 இல் தனிப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது.

நான்கு ஆண்டுகளில் அங்கு என்ன கற்கின்றனர்? பயிர்ச்செய்கை, மண்ணின் இரசாயனம், பூச்சியும் நோயும், விலங்கு வளர்ப்பு, நீர்ப்பாசனமும் இயந்திரமும், கமத்தின் வரவு செலவு ஆகியன யாவும் பாடங்களாம். பெயர்களை அடுக்குவதிலும், நம் ஊர்க் கிணறொன்றை எடுத்துக்கொண்டு பார்த்தால் அக்கல்வியின் பயன் தெளிவாக விளங்கும்.

கீரிமலைக் கேணியை அறியாதார் இலர். உப்புக் கடலின் ஓரத்தில் அந்நீர் எங்கிருந்து ஊறுகின்றது? உள்ளூரில் பெய்யும் மாரிமழை செம்மண்ணூடாக இறங்கி, சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள், குகைகள் வழியே கடலை நோக்கி ஓடிவந்து இங்கே வெளிப்படுகின்றது. நம் தோட்டக் கிணறுகளிலும் ஊறுவது அந்த மழைநீரே. நிலத்தின் கீழே நன்னீர் தனியே நிற்பதில்லை. சற்றுக் கனமான கடல்நீரின்மேல் மிதந்தே நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி உயர்ந்து நிற்குமாயின், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. எனவே நன்னீரின் மட்டம் 1 அடி குறைந்து அப்படியே நீடிக்குமாயின், அடியிலுள்ள உவர்நீர் காலப்போக்கில் ஏறத்தாழ 40 அடி மேலெழும். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனித உடலின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. இயந்திரமோ களைப்பதில்லை. கோடையில் கிணறு உவராகின்றது என்பதைக் கமக்காரர் நாவாற் சுவைத்தே அறிவர். ஏன் உவராகின்றது, எவ்வளவில் இறைப்பை நிறுத்தவேண்டும் என்பனவற்றை அளந்து சொல்வது கற்றவரின் பணி.

பசளையின் கதையும் இத்தகையதே. 50 கிலோ யூரியாவில் 23 கிலோ நைதரசன் உண்டு. வெங்காயமும் மிளகாயும் அதில் ஒரு பங்கையே உண்கின்றன. எஞ்சியதிற் பெரும்பகுதி நைத்திரேற்றாக மாறி, நாம் மாறும் நீருடன் கீழிறங்கிக் கிணற்றையே சேர்கின்றது. சுண்ணாம்புக் கல் அதனை வடித்து நிறுத்தமாட்டாது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தல் ஆகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. வலிகாமத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அளவு மிஞ்சியுள்ளமை 1980 களிலேயே ஆராய்ச்சியாளரால் அறியப்பட்டது. கைக்குழந்தையின் குருதி உயிர்வாயுவைச் சுமக்கும் ஆற்றலை இது குறைக்கும். கொதிக்கவைப்பதாலும் நீங்காது. நிறமில்லை, மணமில்லை, ஆதலின் எத்துணை அனுபவமுள்ள கமக்காரரும் கண்ணாற் பார்த்து இதனைக் கண்டுபிடித்தல் இயலாது. பூவரசங்குழையும் காவிளாயும் தாழ்த்தும் நம் முன்னோர் வழக்கம் எதனாற் சிறந்தது என்பதும் இங்கேதான் விளங்குகின்றது: குழை மெல்ல உக்கிப் பயிருக்குச் சிறிது சிறிதாக நைதரசனைக் கொடுக்கும்.

நெற் செய்கையாளர் வாங்கும் விதைநெற் பையையும் உற்றுநோக்குக. பீ.ஜீ. என்பது பத்தலேகொடையையும், ஏ.ரீ. என்பது அம்பலாந்தோட்டையையும் குறிக்கும். பீ.ஜீ. 300 மூன்று மாத நெல், ஏ.ரீ. 362 மூன்றரை மாத நெல், பீ.ஜீ. 403 நான்கு மாத நெல் என இலக்கத்திலிருந்தே வயதை உய்த்தறியலாம். மழையை மட்டும் நம்பி விதைக்கும் நமக்கு வயதே முதன்மையானது. 1958 இல் பத்தலேகொடையிலிருந்து எச்-4 வெளிவந்த நாள் முதல் இந்நெல்லினங்களை உருவாக்கிவருவோர், இத்தகைய கல்வியைக் கற்று ஆராய்ச்சி நிலையங்களில் அமர்ந்தவர்களே. நம் மொட்டைக்கறுப்பனைக் கைவிடுமாறு கூறுகிறேன் அல்லேன். அதன் சுவைக்கு நிகரில்லை.

இனிப் பெற்றோர் அறியவேண்டியவை. க.பொ.த. உயர்தரத்தில் உயிரியற் பிரிவிற் கற்ற பிள்ளைகளே பெரும்பாலும் இப்பீடங்களுக்குத் தெரிவாகின்றனர். மாவட்ட அடிப்படையிலும் இடங்கள் ஒதுக்கப்படுவதால் வெட்டுப்புள்ளி ஆண்டுக்கு ஆண்டு, மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும். அரச பல்கலைக்கழகத்திற் கற்பித்தற் கட்டணம் இல்லை. தகுதியுடையோர்க்கு மகாபொல புலமைப்பரிசிலும் உண்டு. போதனாமொழி ஆங்கிலம் என்பதைப் பலர் பிந்தியே அறிகின்றனர். கிராமப் பாடசாலையில் இரசாயனத்தை நன்கு கற்ற பிள்ளை முதலாண்டில் திணறுவது பெரும்பாலும் இதனாலேயே. உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் இடைப்பட்ட நீண்ட மாதங்களை ஆங்கிலத்துக்குச் செலவிடச் செய்யுங்கள்.

மருத்துவத்துக்குப் புள்ளி எட்டாதபோது, வேறு வழியின்றி விவசாயத்துக்குச் செல்லும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. பிள்ளை பீடத்தில் அடிவைக்கு முன்னரே, தோல்வியடைந்தவரைப்போல் வீட்டார் நடத்துகின்றனர். மண்ணையும் நீரையும் விரும்பாத பிள்ளைக்கு அங்கு நான்கு ஆண்டுகள் பெருஞ்சுமையாகும். மேலும், பட்டம் பெற்றவர் யாவருக்கும் அரசாங்க உத்தியோகம் காத்திருக்கின்றது என்று எண்ணுதல் வேண்டா. விதை, பசளைக் கம்பனிகளும், வங்கிகளும், ஏற்றுமதித் தோட்டங்களும் அவர்களை அமர்த்துகின்றன; சொந்தக் காணிக்கே திரும்புவோர் மிகச் சிலர். அச்சிலரே நமக்கு மிக வேண்டியவர்கள்.

உயர்தரப் புள்ளி போதாத பிள்ளைக்கும் வழி அடைபடவில்லை. குண்டசாலை, வவுனியா ஆகிய இடங்களிலுள்ள விவசாயப் பாடசாலைகளில் டிப்ளோமாக் கல்வி உண்டு. அத்தகைய பாடசாலையிற் பயின்றவனாகையால் இரண்டின் வேறுபாட்டையும் ஓரளவு கூறமுடியும்: அங்கே கைக்குப் பயிற்சி மிகுதி, பல்கலைக்கழகத்திலோ ஏன் என்று கேட்டு அளந்து பார்க்கும் பயிற்சி மிகுதி. நாற்று மேடையை நேராகக் கட்ட ஒரு பட்டதாரி தடுமாறினால் நகைக்காதீர்கள். அதனை நீங்கள் ஒரு காலையிற் காட்டிக்கொடுத்துவிடலாம். மகன் என்றே பேசிப் பழகிவிட்டோம்; இவை யாவும் மகளுக்கும் பொருந்தும்.

பீடத்திற் கற்கும் பிள்ளை விடுமுறையில் வீடு வரும்போது ஒரு பரப்புத் தோட்டத்தை அவர் பொறுப்பில் விடுங்கள். அதனை இரு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நீங்கள் வழமையாக இடும் யூரியாவையும், மறு பாதிக்கு அவர் மண்ணைச் சோதித்துச் சொல்லும் அளவையும், ஒரே முறையிற் கொட்டாது பிரித்துப் பிரித்து இடுங்கள். நீரும் பாத்தி வழியாத அளவில் மாறுங்கள். பசளைச் செலவை இரண்டு கணக்காக எழுதி, கிண்டிய வெங்காயத்தையும் இரண்டாகவே நிறுத்துக்கொள்ளுங்கள்.