யெல்லோஸ்டோன் ஏரியும் ஸ்னோமொபைலும்: பனிப்பாதை யாருக்குச் சொந்தம்?

கோடைக்கால யெல்லோஸ்டோனைப் பற்றி நிறையப் பேர் பேசியாச்சு. வெந்நீர் ஊற்று, கரடி, கார் வரிசை எல்லாம் தெரிஞ்ச கதைதான். இந்தப் பகுதியில் அதே இடத்தின் குளிர்காலத்தைப் பார்க்கலாம். டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் நடு வரைக்கும் அந்தப் பூங்காவின் பெரும்பாலான சாலைகளில் கார் ஓடாது. பனியை வாரி ஒதுக்காமல் அப்படியே அழுத்தி, அதன் மேல் ஸ்னோமொபைலும் ஸ்னோகோச்சும் ஓட்டுறாங்க. வடக்கே கார்டினர் ஊரிலிருந்து வடகிழக்கே குக் சிட்டி வரை போகிற ஒரே சாலையில்தான் ஆண்டு முழுக்கக் கார் போகும்.

இந்த ஏற்பாடு சும்மா வந்துவிடவில்லை. இதற்குப் பின்னால் பத்து வருஷத்துக்கும் மேலான நீதிமன்றச் சண்டை இருக்கு. அது ஏன் வந்தது, எப்படி முடிந்தது, அங்கே வண்டி ஓட்டப் போகிறவர் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்? இந்த மூன்றையும்தான் இன்றைக்குப் பேசப்போறேன்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்வோம்

யெல்லோஸ்டோன் ஏரி கடல் மட்டத்திலிருந்து 2,357 மீட்டர் உயரத்தில் இருக்கு. நம்ம ஊட்டியை விடவும் சற்று உயரம். பரப்பு சுமார் 350 சதுர கிலோமீட்டர். டிசம்பர் கடைசி வாக்கில் முழுக்க உறைந்து, மே இறுதி அல்லது ஜூன் தொடக்கத்தில்தான் உருகும். ஆனால் கரையோரம் வெஸ்ட் தம்ப் பகுதியில் தண்ணீருக்கு அடியிலும் வெந்நீர் ஊற்றுகள் இருப்பதால், உறைந்த ஏரியின் ஓரத்திலேயே ஆவி பறக்கும்.

பூங்காவின் மேற்கு வாசலில் இருக்கிற சின்ன ஊர் வெஸ்ட் யெல்லோஸ்டோன், மொன்டானா மாநிலம். ‘உலகின் ஸ்னோமொபைல் தலைநகரம்’ என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்ளும் ஊர் அது. பக்கத்தில் ஹெப்ஜென் ஏரி. மலையைத் தாண்டி ஐடஹோ பக்கம் போனால் ஹென்றிஸ் ஏரியும் ஐலண்ட் பார்க்கும். ஆக, இது மூன்று ஏரிகளைச் சுற்றிய ஒரே பனிப்பிரதேசம். ஆனால் சட்டப்படி இரண்டு வேறு உலகம். பூங்காவுக்குள்ளே சாலையை விட்டு ஒரு அடிகூட இறங்கக் கூடாது. வெளியே தேசியக் காட்டு நிலங்களில் நூற்றுக்கணக்கான மைல் பாதை, அதோடு திறந்த மலைவெளியும் இருக்கு. இந்த வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

வண்டி எப்படி வேலை செய்யுது?

முன்னால் இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகள், அவைதான் திசை திருப்பும். பின்னால் ஒரு அகலமான ரப்பர் பட்டை, அதுதான் தள்ளும். எடை அந்தப் பட்டை முழுக்கப் பரவுவதால் வண்டி பனியில் புதையாமல் மிதக்குது. கியர் மாற்றுகிற வேலை கிடையாது. நம்ம ஊர் ஸ்கூட்டியில் இருக்கிற மாதிரியே, வேகத்துக்கு ஏற்பத் தானாக அகலம் மாறுகிற இரண்டு கப்பிகளும் நடுவே ஒரு பெல்ட்டும்தான்.

இந்த வண்டியின் பூர்வீகம் கனடாவின் கியூபெக். ஜோசப்-அர்மான் பொம்பார்டியே என்கிற மெக்கானிக், பனி மூடிய சாலையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் 1934-ல் தன் சின்ன மகனைப் பறிகொடுத்தார். 1937-ல் ஏழு பேர் உட்காரக்கூடிய பனி வண்டிக்குக் காப்புரிமை வாங்கினார். டாக்டர், தபால், பள்ளிப் பிள்ளைகள் என்று எல்லோரும் அதில் போனாங்க. அதே வகையில் வந்த பெரிய வண்டிகள் 1955-லிருந்து யெல்லோஸ்டோனுக்குள் பயணிகளை ஏற்றின. ஒருவர் இருவர் ஓட்டுகிற சின்ன வண்டியான ஸ்கீ-டூ 1959-ல் வந்தது. 1963-ல் பூங்காவுக்குள் முதல் ஸ்னோமொபைல்கள் நுழைந்தன. உயிர் காக்க வந்த வண்டி பொழுதுபோக்கு வண்டியானது இப்படித்தான்.

பிரச்சினை எங்கே தொடங்கியது?

பழைய ஸ்னோமொபைல்கள் எல்லாம் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். சென்னையில் பழைய ஆட்டோ ஒன்றின் பின்னால் நின்றவர்களுக்கு அந்த நீலப் புகை தெரியும். ஆயிலும் பெட்ரோலும் கலந்தே எரியும், அதில் கணிசமான பங்கு எரியாமலே வெளியே வரும். 1990-களில் ஒரு குளிர்கால நாளுக்குச் சராசரியாக 700-க்கும் மேற்பட்ட வண்டிகள் பூங்காவுக்குள் போயின. விடுமுறை வார இறுதிகளில் 1,000-ஐத் தாண்டியது. கடுங்குளிரில் காற்று அசையாமல் தரையோடு படிந்து நிற்கும், அதனால் மேற்கு வாசலில் புகை மேலே போகாமல் அப்படியே தேங்கியது. டிக்கெட் கொடுக்கும் கூண்டுக்குள் வெளியிலிருந்து நல்ல காற்றைக் குழாய் வழியாகச் செலுத்த வேண்டியிருந்தது. ரேஞ்சர்கள் முகக்கவசம் மாட்டி வேலை செய்தார்கள். ஒரு தேசியப் பூங்காவின் வாசலில், பாருங்க.

இரண்டாவது பிரச்சினை காட்டெருமை. குளிர்காலத்தில் பைசன் ஒரு கஞ்சக் கணக்கில்தான் உயிர் வாழும். தலையால் பனியை இருபுறமும் தள்ளித் தள்ளி, அடியில் இருக்கிற காய்ந்த புல்லைத் தின்னும். உள்ளே வரும் சத்தைவிடச் செலவாகும் சத்து அதிகம். கோடையில் சேர்த்த கொழுப்பை வைத்துத்தான் வசந்தம் வரை ஓட்டணும். இந்த நேரத்தில் வண்டிக்குப் பயந்து ஓடுகிற ஒவ்வொரு ஓட்டமும் அதன் சேமிப்பிலிருந்து எடுக்கிற காசு.

1996-97 குளிர்காலம் மிகக் கடுமையாக இருந்தது. உணவு தேடிப் பூங்கா எல்லையைத் தாண்டிய பைசன்களில் 1,000-க்கும் மேற்பட்டவை கொல்லப்பட்டன. மாடுகளுக்கு புருசெல்லோசிஸ் நோய் பரவிவிடும் என்ற பயம்தான் அதற்குச் சொன்ன காரணம். அழுத்திக் கெட்டியாக்கிய சாலைகளே பைசன்களை எல்லைக்கு வெளியே கூட்டிக்கொண்டு போகுது என்று சொல்லி விலங்குநல அமைப்பு ஒன்று 1997-ல் வழக்குப் போட்டது. சாலை இல்லாவிட்டாலும் அவை ஆற்றுப் பள்ளத்தாக்குகளைப் பிடித்து நடந்திருக்கும் என்று வாதிட்ட ஆய்வாளர்களும் உண்டு. எப்படியோ, அந்த வழக்குதான் பெரிய கதவைத் திறந்துவிட்டது.

நீதிமன்றத்தில் ஒரு தசாப்தம்

கிளின்டன் அரசு 2000 இறுதியில் ஸ்னோமொபைலைப் படிப்படியாக நிறுத்த முடிவெடுத்தது. தயாரிப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். அடுத்து வந்த புஷ் அரசு, மறு ஆய்வு செய்கிறோம் என்று சமரசம் செய்துகொண்டு, ஒரு நாளைக்கு 950 வண்டி என்று புது விதி போட்டது. 2003 டிசம்பர் 16 அன்று, சீசன் திறப்பதற்கு முந்தின நாள், வாஷிங்டனில் ஒரு நீதிபதி அந்த விதியை ரத்து செய்தார். இரண்டு மாதம் கழித்து வயோமிங்கில் இன்னொரு நீதிபதி, பழைய தடையை நிறுத்திவைத்தார். ஒரே பூங்கா, இரண்டு நீதிமன்றம், எதிரெதிர் உத்தரவு. அதற்குப் பிறகு 720, 540, 318 என்று எண்ணிக்கை மாறிக்கொண்டே போனது.

இதில் நசுங்கினவர்களையும் நினைக்கணும். வெஸ்ட் யெல்லோஸ்டோன் மாதிரி ஊரில் கோடை வருமானம் சில மாதம்தான். குளிர்காலத்தில் விடுதி நடத்துபவர், வண்டி வாடகைக்குக் கொடுப்பவர், சமையல்காரர், வழிகாட்டி எல்லோரும் இந்தச் சாலையை நம்பி இருக்கிறவங்க. நாளைக்குக் கதவு திறக்குமா என்று தெரியாமல் முன்பதிவு வாங்கினால் எப்படி இருக்கும்? மறுபக்கம், மணிக்கணக்காக நடந்து வந்து பனியின் அமைதியைக் கேட்க நினைக்கிறவருக்கும் அதே பூங்கா சொந்தம்தான். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. அதனால்தான் இவ்வளவு நாள் இழுத்தது.

எண்ணும் முறையை மாற்றினார்கள்

2013-ல் வந்த விதி, எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம். அதுவரை எல்லோரும் ‘எத்தனை வண்டி?’ என்றே சண்டை போட்டுக்கொண்டிருந்தாங்க. புது விதி ‘எத்தனை முறை இடைஞ்சல்?’ என்று கேட்டது.

யோசித்துப் பாருங்க. பத்து வண்டிகள் ஒவ்வொன்றாகப் பத்து நிமிஷ இடைவெளியில் போனால், சாலையோரத்தில் நிற்கிற பைசனுக்கு ஒன்றரை மணி நேரம் நிம்மதி கிடையாது. அதே பத்தும் ஒன்றாகச் சேர்ந்து போனால், சில நிமிஷச் சத்தம், பிறகு நீண்ட அமைதி. வண்டி எண்ணிக்கை ஒன்றுதான், அனுபவம் முற்றிலும் வேறு.

அதனால் ஒரு ஸ்னோகோச் அல்லது ஒரு ஸ்னோமொபைல் குழுவை ‘ஒரு போக்குவரத்து நிகழ்வு’ என்று கணக்கு வைத்தார்கள். நாளொன்றுக்கு மொத்தம் 110 நிகழ்வு. அதில் பாதிக்கும் குறைவானவைதான் ஸ்னோமொபைல் குழுக்களுக்கு. ஒரு குழுவில் அதிகபட்சம் 10 வண்டி, சீசன் சராசரி 7-ஐத் தாண்டக் கூடாது. எல்லாக் குழுவுக்கும் வழிகாட்டி கட்டாயம். வண்டியும் சும்மா ஏதோ ஒன்று இல்லை. புகைக்கும் சத்தத்துக்கும் வரம்பு உண்டு, 35 மைல் வேகத்தில் சத்தம் 67 டெசிபலுக்குள் இருக்கணும். நடைமுறையில் இதற்கு ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின்தான் சரிப்படும். உள்ளே உச்ச வேகமும் அதே 35 மைல்தான், அதாவது சுமார் 56 கிலோமீட்டர்.

தனியார் நிறுவனம் இல்லாமல் நீங்களே ஓட்டிப்போக ஒரு வழியும் வைத்தார்கள். ஒரு வாசலுக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு குழு, அதிகபட்சம் 5 வண்டி. குலுக்கல் முறையில்தான் அனுமதி கிடைக்கும், பயிற்சியும் முடித்திருக்கணும்.

வெளியே உள்ள பாதைகள்

பூங்கா எல்லைக்கு வெளியே வந்தால் சுதந்திரம் அதிகம். வெஸ்ட் யெல்லோஸ்டோனிலிருந்து கிளம்பும் டூ டாப் பாதை பிரபலமானது. உச்சியில் காற்றும் பனியும் சேர்ந்து மரங்களை முழுக்கப் போர்த்தி, ஆள் நிற்கிற மாதிரி உருவங்கள் ஆக்கிவிடும். அவற்றைப் ‘பனிப் பேய்கள்’ என்பார்கள். வானம் தெளிவாக இருந்தால் தெற்கே டீடன் மலைகள் தெரியும். ஐலண்ட் பார்க் பக்கம் பிக் ஸ்பிரிங்ஸ் என்ற ஊற்று இருக்கு. ஆண்டு முழுக்க சுமார் 11 டிகிரி செல்சியஸில் தண்ணீர் வருவதால் எந்தக் குளிரிலும் உறையாது. குடும்பத்தோடு மெதுவாகப் போகிறவர்களுக்கு அந்தப் பக்கம் நல்லது.

பாதையை இரவில்தான் சீர் செய்வார்கள். பகலில் வண்டிகள் ஓடி ஓடி, நம்ம மண்சாலையில் வருவது போலவே மேடுபள்ளம் விழும். ஒரு கனரக வண்டி அதைச் சீவி, நொறுக்கி, சமன் செய்து அழுத்திவிட்டுப் போகும். அப்படி அழுத்திய பனி குளிர்ந்து இறுகச் சில மணி நேரம் வேணும். அதனால் காலையில் சீக்கிரம் கிளம்பினால் பாதை வழவழவென்று இருக்கும், மத்தியானத்துக்கு மேல் முதுகு வலிக்கும்.

உயிர் சம்பந்தப்பட்ட மூன்று விஷயம்

ஒன்று, பனிச்சரிவு. சமமான பாதையை விட்டு மலைச்சரிவில் ஏறும்போதுதான் ஆபத்து. 30 முதல் 45 டிகிரி சரிவுகளில்தான் பெரும்பாலான சரிவுகள் உடையும். நீங்கள் சமதளத்தில் நின்றாலும், மேலே உள்ள சரிவு உங்கள் எடையால் உடைந்து மேலே விழலாம். பொசுமனில் உள்ள பனிச்சரிவு மையம் தினமும் காலையில் வெளியிடும் எச்சரிக்கையைப் படிக்காமல் கிளம்பாதீங்க. சமிக்ஞைக் கருவி, மண்வெட்டி, துழாவும் கம்பி மூன்றும் ஒவ்வொருவர் உடம்பிலும் இருக்கணும், வண்டியில் கட்டி வைப்பது போதாது. புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள் எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு, அதைத் தாண்டினால் வாய்ப்பு வேகமாகக் குறையும். வெளியிலிருந்து உதவி வருவதற்கு அந்த நேரம் போதாது. கூட வந்தவர்தான் உங்களுக்கு ஆம்புலன்ஸ். அதனால் சரிவில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் ஏறுங்க, மற்றவர்கள் ஒதுங்கி நின்று பார்க்கணும்.

இரண்டு, ஏரிப் பனிக்கட்டி. ஸ்னோமொபைலுக்குக் குறைந்தது 5 முதல் 7 அங்குலம் தெளிவான, திடமான பனிக்கட்டி வேணும் என்பது பொதுக் கணக்கு. ஓடை வந்து சேரும் இடம், ஊற்று இருக்கும் இடம், அணைக்கு அருகில் எல்லாம் அது மெலிதாக இருக்கும். மேலே பனி மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. உள்ளூர்க்காரர் போகாத இடத்தில் நாம் போகக் கூடாது.

மூன்று, விலங்கு. பைசன் சாலையில் நடந்து வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்தி, வழிகாட்டி சொல்கிறபடி காத்திருங்க. குறைந்தது 25 கெஜம் தூரம், ஓநாய்க்கும் கரடிக்கும் 100 கெஜம். அவசரப்பட்டு விரட்டினால், நாம் பார்த்த அந்தப் பைசன் ஏப்ரல் வரை தாங்காமல் போகலாம்.

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். ஒரு பூங்காவை எல்லோருக்கும் திறந்து வைப்பதும் அதை அப்படியே காப்பாற்றுவதும் ஒன்றோடொன்று மோதும். யெல்லோஸ்டோனில் யாரும் முழுசாக ஜெயிக்கவில்லை. வண்டி ஓடுது, ஆனால் எண்ணிக்கையிலும் சத்தத்திலும் கட்டுப்பாட்டோடு ஓடுது. நீங்கள் போனால், ஃபிஷிங் பிரிட்ஜ் பக்கம் ஏரிக்கரையில் நிற்கும்போது வழிகாட்டியிடம் எல்லா எஞ்சினையும் ஐந்து நிமிஷம் அணைக்கச் சொல்லுங்க. அவ்வளவு வழக்கும் எதைக் காப்பாற்றுவதற்காக நடந்தது என்று காதாலேயே தெரியும்.

அடுத்த பகுதியில் சந்திப்போம்.