கப்பியின் அளவும் கிணற்றின் நீரும்

இயந்திரம் வாங்கும்போது நம் விவசாயிகள் காட்டும் கவனம், அதனோடு பிற சாதனங்களை இணைக்கும்போது காட்டப்படுவதில்லை. என்ஜினின் குதிரைத்திறன் என்ன, டீசல் எவ்வளவு பிடிக்கும் என்று பத்துப் பேரிடம் விசாரிப்பவர்கள், பெல்ட் ஓடும் கப்பியை மட்டும் கடையில் கிடைத்த அளவில் வாங்கி மாட்டிவிடுகின்றனர். இச்சிறு அலட்சியம் நமது திருப்புல்லாணி வட்டாரத்தில் டீசலோடு நிற்பதில்லை. கிணற்று நீரையே கெடுத்துவிடக் கூடும். ஆகவே இதனைச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

பவர் டில்லர் எனப்படும் இரு சக்கரக் கை உழவு இயந்திரம் 1960களில் ஜப்பானிலிருந்து நம் நாட்டிற்கு வந்தது. 1967ல் பெங்களூரில் தொடங்கப்பட்ட வி.எஸ்.டி. நிறுவனம் மிட்சுபிஷியின் ஒத்துழைப்புடனும், 1973ல் கேரளத்தின் அத்தாணியில் தொடங்கப்பட்ட கேம்கோ நிறுவனம் குபோட்டாவின் ஒத்துழைப்புடனும் இவ்வியந்திரங்களை இங்கேயே செய்யலாயின. இருபது, முப்பது ஆண்டு உழைத்த டில்லர்களைக் கைமாறி வாங்கி ஓட்டுவோர் பலர். புரட்டாசியில் உழவு முடிந்தால் இயந்திரம் சும்மா நிற்பதில்லை. அறுவடைக் காலத்தில் அதே என்ஜினில் பெல்ட் மாட்டி நெல் தூற்றும் விசிறியை ஓட்டுவர். கோடையில் மிளகாய்க்கும் தென்னைக்கும் நீர் இறைக்கும் பம்பை ஓட்டுவர். வேலை மாறும்போது கப்பியும் மாறவேண்டும் என்பதுதான் மறந்துபோகிறது.

இதன் கணக்கு மிக எளியது. என்ஜின் கப்பியின் குறுக்களவை என்ஜினின் சுற்று வேகத்தால் பெருக்குங்கள். வருகின்ற தொகையைச் சாதனத்திற்கு உரிய வேகத்தால் வகுத்தால், சாதனத்தில் மாட்டவேண்டிய கப்பியின் குறுக்களவு கிடைக்கும். என்ஜின் நிமிடத்திற்கு 2000 சுற்று ஓடுகிறது. அதன் கப்பி 5 அங்குலம். பம்பு 1500 சுற்றில் ஓடவேண்டியது என்று கொள்வோம். ஐந்தை 2000 ஆல் பெருக்கினால் 10,000. அதனை 1500 ஆல் வகுத்தால் ஏறத்தாழ ஆறே முக்கால் அங்குலம் வரும். பெல்ட் நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்கு வழுக்குவதால், ஆறரை அங்குலக் கப்பி பொருந்தும். உரிய வேகம் என்னவென்று என்ஜினிலும் பம்பிலும் அறைந்துள்ள தகட்டில் பொறித்திருக்கும். பழைய இயந்திரத்தில் தகடு தேய்ந்திருந்தால், சுற்றுமானி என்னும் சிறு கருவியால் அளந்து பார்ப்பதே முறை. ஊராட்சிக்கு ஒன்று வாங்கி வைத்தால் ஊரிலுள்ள எல்லா என்ஜின்களுக்கும் உதவும். உறுப்பினர்கள் இதனை யோசிக்கலாம்.

கடலோரத் தோப்புக்காரர் ஒருவர் இக்கணக்கைப் பாராமல், விசிறியில் இருந்த 5 அங்குலக் கப்பியைக் கழற்றிப் பம்பில் மாட்டிவிட்டார். 1500 சுற்றில் ஓடவேண்டிய பம்பு 2000 சுற்றில் ஓடிற்று. நீர் அதிகம் வருவது கண்டு அவர் மகிழ்ந்தார். அடுத்த தோப்புக்காரரும் வந்து பார்த்துவிட்டு அவ்வாறே செய்ய எண்ணினாராம். மகிழ்ச்சிக்கு அவர் கொடுத்த விலை என்ன? பம்பின் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால், நீரும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே கூடும். ஆனால் அதற்கு வேண்டிய சக்தி, வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். அதாவது, 3 குதிரைத்திறன் கேட்ட பம்பு இப்போது 7 குதிரைத்திறன் கேட்கும். புகை கறுத்தது, பெல்ட் வாரந்தோறும் எரிந்தது, பம்பின் தாங்கி உருளைகள் தேய்ந்தன. இவையெல்லாம் பணத்தால் ஈடுசெய்யக் கூடியவை. ஈடுசெய்ய முடியாதது இனிமேல்தான் வருகிறது.

ரெகுநாதபுரம், பெரியபட்டினம், களிமண்குண்டு போன்ற கடலோர மணற்பாங்கான ஊர்களில், மழைநீர் மணலுள் இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நல்ல நீர் இலேசானது. கடல் நீர் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனமானது. ஆகவேதான் இரண்டும் எளிதில் கலவாமல் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. இவற்றின் அளவை டச்சுக்காரரான கீபன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க் 1901லும் கணக்கிட்டுக் காட்டினர். கடல் மட்டத்திற்கு மேல் ஓரடி நல்ல நீர் நின்றால், கடல் மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நல்ல நீர் உண்டு. இதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும். மேலேயுள்ள நீர் மட்டத்தை ஓரடி தாழ்த்தி அப்படியே வைத்திருந்தால், அடியிலுள்ள உப்பு நீர் நாளடைவில் 40 அடி உயரும். மெதுவாக இறைத்தால் சுற்றிலுமுள்ள மணலிலிருந்து நல்ல நீர் ஊறி வந்து ஈடுசெய்துவிடும். வேகமாக இறைத்தால் பக்கத்து ஊற்று வருமுன்னே அடியிலிருந்து உப்பு நீர் கூம்பு போல் மேலெழும்பும். நம் பெரியோர் அக்கரையில் ஆழமில்லாத ஊற்றுத் தோண்டி, ஊறுமளவு பொறுத்திருந்து அகப்பையால் முகந்ததன் நியாயம் இதுவே. தோப்புக்காரரின் கிணற்று நீர் சில வாரங்களில் கரிக்கத் தொடங்கிற்று. பக்கத்து வீட்டார் குடிநீர் எடுத்த ஊற்றும் உடன் கெட்டது. ஒருவர் மாட்டிய கப்பி ஊர்ப் பொது விவகாரமாகிவிட்டது.

விசிறியின் விஷயம் வேறு. தூற்றும் விசிறி அளவுக்கு மிஞ்சி ஓடினால், பதரோடு நெல்லும் பறந்து வைக்கோலில் விழும். அதனைக் களத்திலேயே கண்ணால் கண்டு திருத்திக்கொள்ளலாம் ஆதலால், அது பற்றி விரித்துரைக்கவில்லை.

கப்பியின் குறுக்களவு சரியானால் மட்டும் போதாது. இன்று பெரும்பாலும் வழங்குவது ஆங்கில 'வி' எழுத்து வடிவிலுள்ள பெல்ட். மேல் அகலம் 13 மில்லிமீட்டர் உடையது 'ஏ' வகை. 17 உடையது 'பி' வகை. 22 உடையது 'சி' வகை. இவ்வகைப் பெல்ட் பள்ளத்தின் இரு சுவர்களைப் பற்றிக்கொண்டுதான் இழுக்கிறதேயன்றி, அடியில் பதிந்து அன்று. 'பி' பள்ளத்தில் 'ஏ' பெல்ட்டை மாட்டினால் அது அடியில் உட்கார்ந்து வழுக்கும். 'ஏ' பள்ளத்தில் 'பி' பெல்ட்டை மாட்டினால் விளிம்புக்கு மேல் துருத்தி நின்று ஓரம் பிய்ந்துபோகும். பெல்ட்டின் முதுகு கப்பியின் விளிம்போடு சமமாக நிற்பதே சரியான பொருத்தம். தேய்ந்து பளபளக்கும் பள்ளமுள்ள பழைய கப்பியில் எத்தகைய புதுப் பெல்ட்டும் நிலைக்காது, கப்பியையே மாற்றவேண்டும். 'பி' வகைப் பெல்ட்டை 5 அங்குலத்திற்குக் குறைந்த கப்பியில் வளைத்தால் வெடிப்பு விழும். இரண்டு, மூன்று பெல்ட்டுகள் சேர்ந்து ஓடுமிடத்தில் ஒன்று அறுந்தால் எல்லாவற்றையும் ஒருசேர மாற்றுவது நன்று. இல்லையேல் நீண்டுபோன பழையவை சும்மா இருக்க, புதியது தனியாகச் சுமையை இழுத்து விரைவில் அறும்.

நீளம் அறிய எளிய வழி உண்டு. சாதனத்தை நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தி, இரு கப்பிகளின் விளிம்பையும் சேர்த்துக் கயிற்றால் சுற்றி அளவெடுங்கள். 'பி' வகையாயின் அதில் இரண்டே முக்கால் அங்குலத்தைக் கழித்தால் வருவது பெல்ட்டின் உள் நீளம். 60 அங்குலம் வந்தால் 'பி 60' என்று கேட்டு வாங்கலாம். மாட்டிய பின், நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால், மூன்றடி இடைவெளிக்கு அரை அங்குலத்திற்குச் சற்று மேல் அமுங்கவேண்டும்.

சாதனத்தின் வேகம் போதவில்லையென்று என்ஜினில் பெரிய கப்பியை மாட்டுவோரும் உளர். 12 அங்குலக் கப்பி 2000 சுற்றில் ஓடினால், அதன் விளிம்பு விநாடிக்கு ஏறத்தாழ 32 மீட்டர் பாயும். சாதாரண வார்ப்பிரும்புக் கப்பிக்கு 30 மீட்டரே எல்லை. அதற்கு மேல் கப்பி வெடித்துச் சிதறும் அபாயம் உண்டு. வேட்டி முனையும் துண்டும் சேலைத் தலைப்பும் சிக்காமலிருக்கப் பெல்ட்டின்மீது தகரமோ கம்பி வலையோ கொண்டு மறைப்பு அமைப்பதும் இன்றியமையாதது. இதற்கு ஆகும் செலவு சொற்பம்.

இன்னொன்று: பம்பின் மீது அது சுழலவேண்டிய திசையைக் காட்டும் அம்புக்குறி இருக்கும். கிணற்றுக்குக் கிழக்கே நின்ற டில்லரைத் திருப்பாமலே மேற்கே கொண்டுபோய், பம்பின் மறுபக்கத்தில் நிறுத்தினால் திசை மாறாது. ஆனால் டில்லரையே எதிர்முகமாகத் திருப்பி நிறுத்தினால், பம்பு தலைகீழாகச் சுழன்று நீர் வரத்து குன்றிவிடும். பழைய தட்டைப் பெல்ட்டாயின் குறுக்கே முறுக்கி மாட்டித் திசையை மாற்றிவிடலாம். 'வி' பெல்ட்டை அவ்வாறு முறுக்கலாகாது.

மேற்சொன்ன தோப்புக்காரர் பட்டறையில் ஆறரை அங்குலக் கப்பி கடையச் செய்து மாட்டினார். நாளெல்லாம் இறைப்பதை விடுத்து, காலையில் இரண்டு மணி நேரமும் மாலையில் இரண்டு மணி நேரமும் இறைக்கிறார். டீசல் செலவு உடனே குறைந்தது. கிணற்று நீரின் கரிப்பு மட்டும் அந்தக் கோடை முழுவதும் போகவில்லை; ஐப்பசி மழை பெய்து மணல் நனைந்த பின்னரே பக்கத்து வீட்டார் மீண்டும் அந்த ஊற்றில் குடம் வைத்தனர்.