ஒரு டயர் மட்டும் புதுசா?

உங்கள் கார் எப்போதும் நான்கு சக்கரங்களாலும் இழுத்து ஓடும் வகையா? ஒரு டயர் வெடித்துவிட்டது என்று அதை மட்டும் மாற்றுமுன் கொஞ்சம் பொறுங்கள்.

புது டயரில் பட்டன் ஆழம் சுமார் 8 மில்லிமீட்டர். பாதி தேய்ந்ததில் 4. வித்தியாசம் ஓர் அரிசிமணி நீளம்கூட இல்லைதான். ஆனால் தேய்ந்த டயரின் சுற்றளவு 25 மில்லிமீட்டர் குறைந்துவிடுகிறது. கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 6 சுற்று அது கூடுதலாகச் சுற்றியாக வேண்டும். 100 கிலோமீட்டருக்கு 600 சுற்று!

வளைவில் சக்கரங்களின் வேகம் மாறுவது சகஜம். அதைச் சமாளிக்கத்தான் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃபரன்ஷியலோ கப்ளிங்கோ வைத்திருக்கிறார்கள். நேர்ச்சாலையிலும் மணிக்கணக்கில் ஓயாமல் அதே வேலை என்றால், உள்ளே கிளட்ச் தகடுகள் உரசி, எண்ணெய் கொதித்து, கப்ளிங்கே கருகிப்போகலாம். மூன்று டயர் காசை மிச்சம் பிடித்துவிட்டு, அதைவிடப் பல மடங்கு அங்கே கொடுக்க நேரும்.

சுபாரு கார்களுக்கு நான்கு டயர்களின் சுற்றளவு வித்தியாசம் கால் அங்குலத்துக்குள், அதாவது 6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். உங்கள் காருக்கு எவ்வளவு என்பதைக் கையேட்டில் பாருங்கள். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். நான்கும் ஒன்றுபோலத் தேயும்.